செவ்வாயைப் பார்ப்பது எப்படி, கால்வாய் தெரியாமல்

அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவலிடம் இருந்த தொலைநோக்கியில் குறை சொல்ல எதுவுமில்லை. அல்வான் கிளார்க் நிறுவனம் 1896-ல் செய்து கொடுத்த 24 அங்குல வில்லை, அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரக் குன்று, வறண்ட காற்று, கைநிறையப் பணம், கணிதத்தில் ஹார்வர்ட் பட்டம். இவ்வளவும் இருந்தும் 1894 முதல் 1916-ல் இறக்கும்வரை அவர் வரைந்த செவ்வாய்ப் படங்களில் நூற்றுக்கணக்கான நேர்கோடுகள் ஓடின. அவை பாசனக் கால்வாய்கள், வறண்டுபோகும் கிரகத்தில் துருவப் பனிநீரை வெட்டிக் கொண்டுவரும் ஓர் அறிவார்ந்த இனத்தின் வேலை என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். அந்தக் கோடுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நிகராகச் செவ்வாயின் தரையில் எதுவுமே இல்லை.

மொட்டைமாடியிலிருந்து 6 அங்குலத் தொலைநோக்கியால் பார்ப்பவருக்கும் இதே கோடுகள் தெரியும். மங்கலான, ஆடுகிற, சின்ன வட்டு ஒன்றை வெகுநேரம் உற்றுப் பார்த்தால் யார் கண்ணும் கோடு போடும். அதைத் தடுக்க மூன்று வேலைகள் இருக்கின்றன: கண் எப்படி ஏமாறுகிறது என்று வீட்டுக்குள்ளேயே சோதிப்பது, கருவியைத் தயார் செய்வது, ஒழுங்கான முறையில் வரைவது. முதல் வேலையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாதது அதுதான்.

வட்டுச் சோதனை

இது கிரீனிச் வான்நோக்ககத்தில் பணியாற்றிய எட்வர்ட் வால்டர் மாண்டர் செய்தது. அங்கிருந்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் எவன்ஸோடு சேர்ந்து, கால்வாயே வரையாத செவ்வாய்ப் படங்களைச் சிறுவர்கள் முன் தொங்கவிட்டு, "தெரிவதை வரையுங்கள்" என்றார். நடுத்தர தூரத்தில் உட்கார்ந்த சிறுவர்கள் கோடு வரைந்தார்கள். 1903-ல் இது வெளிவந்தபோது லோவல் "சின்னப் பையன் கோட்பாடு" என்று கிண்டலடித்தார். பிரான்சில் வானியலாளர் ஃபிளமாரியோன் இதைத் திரும்பச் செய்தபோது கோடு வரவில்லை. ஆக, படத்தை எப்படித் தயாரிக்கிறோம், எவ்வளவு தூரத்தில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

வேண்டியவை: பளபளப்பில்லாத வெள்ளை அட்டை, எச்பி பென்சில், 2பி பென்சில், கொஞ்சம் பஞ்சு, அளவு நாடா, ஒவ்வொருவருக்கும் 50 மி.மீ. வட்டம் போட்ட ஒரு தாள்.

அட்டையில் 15 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம். பென்சில் தூளைப் பஞ்சில் தொட்டு, மூன்று நான்கு இடங்களில் ஒழுங்கற்ற சாம்பல் திட்டுகள் தேய்த்துவிடுங்கள். விளிம்புகள் கலங்கலாக இருக்கட்டும். இரண்டு திட்டுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒன்று வெளிறியும் மற்றது சற்றே கறுத்தும் இருக்க வேண்டும். பிறகு திட்டுக்குத் திட்டு போகும் பாதைகளில் 2பி பென்சிலால் புள்ளிகள் வையுங்கள். புள்ளி 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம், இடைவெளி 2 மி.மீ. அளவில். நேர்வரிசையாக வைத்துவிடாதீர்கள், 5 மி.மீ. அகலப் பட்டைக்குள் இங்குமங்குமாகச் சிதறட்டும். கோடு என்று ஒன்றைக்கூட வரையக் கூடாது.

இந்த அளவுகளுக்குக் காரணம் இருக்கிறது. நல்ல கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 1 வில்நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 1 மி.மீ. நீளம் 3.4 மீட்டர் தூரத்தில் அந்த அளவுக்குத் தெரியும். 2 மி.மீ. இடைவெளி 3 மீட்டரில் தெளிவாகப் பிரியும், 6 மீட்டரில் பிரிந்தும் பிரியாமலும் நிற்கும், 9 மீட்டரில் கலந்துவிடும். இன்னொரு பொருத்தமும் உண்டு. செவ்வாய் மிக அருகே வரும்போது அதன் வட்டு 25 வில்விநாடி (60 வில்விநாடி சேர்ந்தது 1 வில்நிமிடம்). 200 மடங்கு பெருக்கினால் 1.4 பாகை. 15 செ.மீ. அட்டை 6.2 மீட்டரில் காட்டும் அளவும் அதேதான். ஆக 6 மீட்டரில் உட்காருபவர் கிட்டத்தட்டத் தொலைநோக்கியின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அட்டையைக் கண் மட்டத்தில், சீரான வெளிச்சத்தில் மாட்டி, 3, 6, 9 மீட்டர் தூரங்களில் ஆட்களை உட்கார வைத்துப் பத்து நிமிடம் கொடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொள்ளலாம். முன்வரிசைக்காரர்கள் புள்ளி வைப்பார்கள். நடுவில் இருப்பவர்களில் சிலர் கோடு போடுவார்கள். கடைசி வரிசையில் திட்டுகள் மட்டும் மிஞ்சும். இரண்டு சாம்பல் நிறங்கள் சந்திக்கும் எல்லையையும் சிலர் கோடாக வரைந்திருப்பார்கள். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு வழிகளில். "இது செவ்வாய்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவது. பக்கத்துத் தாளைப் பார்த்து வரைய விடுவது. புள்ளியை மார்க்கர் பேனாவால் குத்திப் பெரிதாக்கிவிடுவது, அப்போது 9 மீட்டரிலும் புள்ளி புள்ளியாகவே தெரியும். நான்காவது, படம் போட்டவரே பார்வையாளராகவும் உட்காருவது. எங்கே என்ன இருக்கிறது என்று அறிந்த கண் அதைக் கண்டுபிடித்தே தீரும்.

லோவலுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோடுகள் விஷயத்தில் கண்ணின் திறன் அசாத்தியம் என்பதை அவரே சோதித்துப் பார்த்திருந்தார். 0.0726 அங்குலக் கம்பியை 1,800 அடி தூரத்தில் வானத்தின் பின்னணியில் கட்டிப் பார்த்தால் தெரிகிறது என்றார். கணக்குப் போட்டால் அது 0.69 வில்விநாடிதான், கண்ணின் எல்லையில் எண்பதில் ஒரு பங்கைவிடவும் சற்றுக் குறைவு. சரியான சோதனை. கோடு இருந்தால் கண் காணும் என்பதை அது காட்டியது. கண் கண்டால் கோடு இருக்கும் என்பதைக் காட்டவில்லை. அவருடைய வாதம் முழுவதும் சறுக்கியது இந்த ஓர் இடத்தில்தான்.

எப்போது பார்ப்பது

செவ்வாய் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியனுக்கு நேரெதிரே வரும். அந்த எதிரமைவுக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரம்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். ஒவ்வொரு எதிரமைவும் ஒரே தரமல்ல. 2027 பிப்ரவரி 19-ல் வட்டு வெறும் 13.8 வில்விநாடி. 2029 மார்ச் 25-ல் 14.5. 2031 மே 4 வாக்கில் 16.9. 2033 ஜூன் 27-ஐ ஒட்டி 22.1. 2035 செப்டம்பர் 15-ல் 24.6. மிலானில் வானியலாளர் ஸ்கியாபரெல்லி முதன்முதலில் "கனாலி" என்று எழுதிய 1877-ம் இப்படிப்பட்ட நெருக்கமான ஆண்டுதான். இத்தாலியில் அந்தச் சொல் இயற்கையான வாய்க்காலையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது வெட்டிய கால்வாய் மட்டும் மிஞ்சியது.

2027 சின்ன வட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அப்போது செவ்வாய் சிம்மத்தில், வானநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 15 பாகை வடக்கே இருக்கும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்த்தால் நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். காற்றின் தடிமன் மிகக் குறைவாக இருக்கும் இடம் அது.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வையுங்கள். 150 மி.மீ. தொலைநோக்கி பிரித்துக் காட்டும் எல்லை சுமார் 0.77 வில்விநாடி. 13.8 வில்விநாடி வட்டின் குறுக்கே 18 துண்டுகள்தான் தேறும். ஒரு துண்டு 380 கி.மீ. அகலம். அதற்குள் நடப்பதைப் பற்றி உங்கள் கண் என்ன சொன்னாலும் அது ஊகம். லோவலின் 24 அங்குலத்துக்கே, 1894-ல் இருந்ததுபோன்ற பெரிய வட்டில்கூட, ஒரு துண்டு 60 கி.மீ. அளவு. அவரோ சில மைல் அகலக் கால்வாயும் தெரியும் என்றார்.

கருவியும் இடமும்

குறைந்தது 150 மி.மீ. விட்டம் வேண்டும். 100 மி.மீ.இல் துருவப் பனியும் பெரிய கரும்பட்டைகளும் மட்டும் பிடிபடும். ஆடித் தொலைநோக்கி என்றால் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். ஆடி சுற்றுப்புறச் சூட்டுக்கு இறங்கும்வரை குழாய்க்குள் காற்று நெளிந்துகொண்டே இருக்கும். ஏசி அறையிலிருந்து நேராகத் தூக்கிக்கொண்டு போனால் ஆடியில் பனி படிந்துவிடும், அது தனித் தொல்லை. பிறகு கோலிமேஷன், அதாவது ஆடிகளை ஒரே நேர்கோட்டில் சரிசெய்வது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றுக் கலைத்தால் ஒரே மையம் கொண்ட வளையங்கள் தெரிய வேண்டும். வளையங்கள் ஒருபக்கம் ஒதுங்கினால் ஆடியைத் திருத்தாமல் செவ்வாய்ப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

கான்கிரீட் மாடி பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கக்கும். புல்தரை, மண்தரை நல்லது. மாடியை விட்டால் வழியில்லை என்பவர்கள் அந்திக்கு முன் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் தொடங்கலாம். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்கும்படி நிற்காதீர்கள்.

உருப்பெருக்கத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. தொலைநோக்கியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். அது 0.7 மி.மீ.க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 150 மி.மீ. குழாய்க்கு 200 மடங்கு, 200 மி.மீ. குழாய்க்கு 280 மடங்கு வரை போகலாம். குவிதூரம் 1200 மி.மீ. என்றால் 6 மி.மீ. ஐபீஸ் 200 மடங்கு தரும். 13.8 வில்விநாடிச் செவ்வாய் 130 மடங்கிலேயே வெறுங்கண்ணால் பார்க்கும் நிலா அளவுக்கு வந்துவிடும், ஆகவே 200 போதவே போதும். ஃபில்டர்களில் 21 எண் ஆரஞ்சு முதலில். 25 எண் சிவப்பு 200 மி.மீ.க்குக் குறைந்த கருவியில் வட்டை இருட்டாக்கிவிடும். 80ஏ நீலம் மேகங்களுக்கும் துருவ மூட்டத்துக்கும்.

ஒளிக்கற்றை மெலிந்தால் என்ன ஆகும்

லோவல் வாழ்வின் மிக விசித்திரமான கட்டம் செவ்வாயில் இல்லை, வெள்ளியில் இருக்கிறது. 1896-97-ல் வெள்ளியின் முகத்தில் ஒரு மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போலக் கோடுகள் விரிவதைக் கண்டார். வெள்ளியோ முழுக்க முழுக்க மேகம், சாதாரண ஒளியில் பார்த்தால் வெறும் வெள்ளை. கண் கூசாமலிருக்க 24 அங்குல வில்லையை 3 அங்குலம் வரை மூடிச் சுருக்கிப் பார்த்தார் என்பதுதான் இங்கே துப்பு. 75 மி.மீ. துளையில் 140 மடங்கு என்றால் வரும் ஒளிக்கற்றை 0.54 மி.மீ. அவ்வளவு மெல்லிய கற்றை, விழித்திரைக்கு முன்னால் படர்ந்திருக்கும் நம் சொந்த ரத்தக்குழாய்களின் நிழலையே விழித்திரைமேல் கூர்மையாக வீழ்த்தும். அவர் வரைந்தது தன் கண்ணின் படமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1902-ல் தாமே அந்தக் கோடுகளைக் கைவிட்டார். பிறகு மறுபடி பிடித்துக்கொண்டார்.

இதை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். கெட்டி அட்டையில் குண்டூசியால் 1 மி.மீ.க்குள் ஒரு துளை போட்டு, கண்ணை ஒட்டினாற்போலப் பிடித்து, மேகம் மூடிய வானத்தையோ வெளிச்சம் விழும் வெள்ளைத் தாளையோ பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. அட்டையை நொடிக்கு இரண்டு மூன்று முறை சின்ன வட்டமாக ஆட்டினால் மரக்கிளை போல் நரம்புப் பின்னல் தெரியும். ஆட்டத்தை நிறுத்தினால் மறையும். பார்வையின் நட்டநடுவில் மட்டும் பின்னல் இருக்காது, ஏனென்றால் அங்கே ரத்தக்குழாய்கள் இல்லை. மிதக்கும் பூச்சி போன்ற தூசுகள் சிலவும் தெரியும். தொலைநோக்கியில் அதிக உருப்பெருக்கத்தில் செவ்வாய்க்குக் குறுக்கே போவதும் அவையே.

தொலைநோக்கியில் சந்தேகத்துக்குரிய கோடு தெரிந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். தலையைச் சாய்த்துப் பாருங்கள். கோடும் சேர்ந்து சாய்ந்தால் அது உங்கள் கண். ஐபீஸை அதன் குழியிலேயே திருப்புங்கள். கூடவே திரும்பினால் வில்லையில் தூசு அல்லது கீறல். கிரகத்தைப் பார்வைப்புலத்தின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். வட்டோடு ஒட்டிக்கொண்டு அதே இடத்தில் இருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசிக்கலாம்.

வரைவது

50 மி.மீ. வட்டங்களை முன்னமே தயாராக வைத்திருங்கள். வரைபடத்தை அன்று பார்க்காதீர்கள், செயலியைத் திறக்காதீர்கள். இருட்டில் கைக்கு மங்கலான வெள்ளை விளக்கு போதும்; சிவப்பு விளக்கில் பென்சிலின் நிறபேதம் சரியாகத் தெரியாது.

முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். காற்று சட்டென்று அடங்கும் நொடிகள் வரும். அந்த நொடிகளில் தெரிவது மட்டுமே கணக்கு. துருவப் பனியை முதலில் குறியுங்கள், படத்தின் திசை அதை வைத்துத்தான் நிற்கும். 2027-ல் வடதுருவம் நம் பக்கம் சாய்ந்திருக்கும்; நியூட்டோனியன் எனப்படும் ஆடித் தொலைநோக்கியில் படம் தலைகீழாகத் தெரிவதால் அது கீழே வரும். அடுத்தது மிகக் கறுத்த பகுதிகள், சிர்டிஸ் மேஜரின் முக்கோணம் போல. அவற்றின் வெளிவரை முடிந்தவுடன் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய் மணிக்கு 14.6 பாகை சுழலும், 20 நிமிடத்தில் 5 பாகை நகர்ந்துவிடும். ஆகவே எல்லாம் 20 நிமிடத்துக்குள். மங்கல் திட்டுகளைக் கடைசியில் பஞ்சால் தேய்த்து இறக்குங்கள். உறுதியானதற்கு 1, சந்தேகத்துக்கு 2 என்று ஓரத்தில் எண் போடுங்கள். கூர்மையான கோடாக எதையும் வரைய வேண்டாம் என்பதல்ல விதி. கோடாக வரைந்தால் 2 போட்டே தீர வேண்டும் என்பது விதி.

அடுத்த இரவு அதே மணிக்குப் பார்த்தால் செவ்வாய் 9, 10 பாகை பின்தங்கியிருக்கும். அதன் நாள் நம்முடையதைவிட 37 நிமிடம் நீளம் என்பதால் இப்படி. நேற்றைய காட்சியே வேண்டுமென்றால் 40 நிமிடம் பிந்தி உட்காருங்கள். ஒரே மணிக்குப் பார்ப்பவருக்குக் கிரகம் முழுவதும் தெரிந்து முடிய ஐந்தரை வாரம் ஆகும். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து உலக நேரமாக எழுதும் பழக்கம் இருந்தால், பின்னால் பிறர் படங்களோடு ஒப்பிடத் தடுமாற வேண்டியதில்லை.

முடிந்தால் இரண்டு பேர், தனித்தனித் தாளில், பேசாமல். இதைத்தான் ஃபிளாக்ஸ்டாஃபில் செய்யவில்லை. ஆண்ட்ரூ டக்ளஸ் என்ற உதவியாளர் செயற்கை வட்டுகளைத் தூரத்தில் நட்டு, தொலைநோக்கி வழியாகப் பார்த்து, கோடுகளில் சில கண்ணின் வேலை என்று சந்தேகிக்கத் தொடங்கினார். 1901-ல் அவர் வேலை போனது. (போனவர் மர வளையங்களை வைத்துக் காலம் கணிக்கும் துறையையே உருவாக்கினார்.) அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், பேய் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும்.

பெரிய கருவியும் நல்ல காற்றும் ஒருங்கே அமைந்தால் என்ன தெரியும் என்பதற்குச் சாட்சி யூஜின் அந்தோனியாடி. முன்பு தாமே கால்வாய் வரைந்தவர். 1909 செப்டம்பரில் பாரிஸ் அருகே மியூடோனின் 83 செ.மீ. தொலைநோக்கியில், காற்று அசையாத ஓர் இரவில், கோடுகள் உடைந்து ஒழுங்கற்ற சின்னஞ்சிறு திட்டுகளாகப் பிரிவதைக் கண்டார். அட்டையில் 3 மீட்டருக்கு நெருங்கி வந்தவர் கண்ட அதே காட்சி. 1965 ஜூலையில் நாசாவின் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் இருந்தவை பள்ளங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

வீடியோ எடுத்து நல்ல ஃபிரேம்களை மட்டும் அடுக்கிச் சேர்ப்பதுதான் இன்றைய வழி. 200 மி.மீ. கருவியில் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஒரே அடுக்கில் சேர்த்தால் சுழற்சி படத்தைக் கலக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் வேவ்லெட் என்ற வசதியால் கூர்மையாக்கும்போது கையடக்கம் வேண்டும். அளவு மீறினால் வட்டின் பிரகாசமான விளிம்புக்குள் மெல்லிய வளையம் ஒன்று தோன்றும், இரைச்சல் புள்ளிகள் கோர்த்துக்கொண்டு இழை இழையாக ஓடும். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் மென்பொருள் இன்னும் ஒருபடி மேலே போய், இல்லாத நுணுக்கத்தையும் சேர்க்கும். கால்வாய்க்கு இன்றைய முகவரி இதுதான். தப்பிக்க எளிய வழி: ஒரே இரவில் 15 நிமிட இடைவெளியில் இரண்டு வீடியோ எடுத்து, தனித்தனியே அடுக்கி, ஒரே அமைப்பில் கூர்மையாக்கி, இரண்டிலும் இருப்பதை மட்டும் நம்புங்கள். வட்டோடு 4 பாகைக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்திருந்தால் செவ்வாயில் உள்ளது. நகராமல் நின்றால் கணினியில் உள்ளது.

எதிரமைவு முடிந்து இரண்டு மாதம் கழித்து, 2 என்று எண் போட்ட எல்லாவற்றையும் எடுத்து நாசாவின் விண்கல வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். லோவல் காலத்து "அகதோடெமன்" என்ற கால்வாய் செவ்வாயின் மாரினர் பள்ளத்தாக்கின்மேல் பொருந்தும்; அது 4,000 கி.மீ. நீளமுள்ள நிஜம். மற்றவற்றில் எத்தனை பொருந்தின, எத்தனை பொருந்தவில்லை என்ற கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த எதிரமைவில் உங்கள் "2"-க்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்பதற்கு அந்த எண்தான் அளவு.